அடித்தால்தான் ஆனந்தம்

எதற்கெடுத்தாலும் பட்டியல் போடுகிறாள் என் மனைவி. இது வியாதியா? (கும்பகோணம் வாசகர்)

அதில் உங்கள் பெயர் எத்தனையாவது வரியில் இருக்கிறது? அதைச் சொல்லுங்கள், வியாதி யாருக்கு என்று பிறகு பார்க்கலாம்.

முடித்துவிட்ட வேலையையும் பட்டியலில் எழுதி, உடனே கோடு போட்டு அடிக்கிறேன். கிறுக்கா? (திண்டுக்கல் வாசகி)

அடிப்பதற்காகவே எழுதுகிற கட்சி ரொம்பப் பெரிது. அடியேன் அதில் கிளைச் செயலாளர்.

கல்யாணம் செய்யலாமா, வேண்டாமா? பட்டியல் போட்டு முடிவெடுக்கலாமா? (ஈரோடு வாசகர்)

சார்லஸ் டார்வின் 1838-இல் அதைத்தான் செய்தார். 'வேண்டாம்' பக்கத்தில், புத்தகம் வாங்கக் காசு குறையும் என்ற கவலை. 'வேண்டும்' பக்கத்தில், எப்படியும் நாயைவிட மேலான துணை என்ற ஆறுதல்! கல்யாணம்தான் ஜெயித்தது. 1839 ஜனவரியில் எம்மாவைக் கைப்பிடித்தார், பத்துக் குழந்தைகள். பெண் யார் என்கிறீர்களா? தாய்மாமன் மகள். நம்மூரில் என்றால் பட்டியலுக்கே வேலை இருந்திருக்காது, பாட்டி முடித்துவைத்திருப்பாள்.

மளிகைப் பட்டியலில் மஞ்சள் ஏன் முதல் வரி? (மயிலாடுதுறை வாசகி)

மங்கலமாம். கடைசி வரி எது என்பது கடையிலிருந்து திரும்பி வந்த பிறகுதான் தெரியும்.

தமிழில் உங்களுக்குப் பிடித்த பட்டியல்? (மதுரை வாசகர்)

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு. தலைவியும் தோழியும் பறித்துப் பாறையில் குவிக்கும் பூக்கள் 99. அத்தனையும் ஒரே நாளில் எப்படிப் பூத்தன என்று தாவரவியல் வாத்தியார் யாரும் கேட்கக் கூடாது. 261 அடிப் பாட்டில் அந்த இடம்தான் எனக்கு உச்சம்; பெரும்பாலும் பெயர்களை அடுக்கியே மலையைக் காட்டிவிடுகிறார். முதல் பூ செங்காந்தள். இன்று தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுதான்.