பகைவன் வீட்டு அழுகை

கேள்வி: போரில் ஜயித்தவன் தோற்றவனுக்காகக் கண்ணீர் விட்டதாகச் சரித்திரம் உண்டா?

பதில்: உண்டு, அதுவும் அந்தப் பகைவனிடம் உடன்பிறந்தானைப் பறிகொடுத்த ஒரு கவியின் கண்ணீர். கி.மு. 490-இல் மாரத்தான் கடற்கரையில், தப்பியோட முனைந்த பாரசீகக் கப்பலின் பின்புறத்தைக் கையால் பற்றி நிறுத்த முயன்ற கினெகிரஸ் என்னும் கிரேக்க வீரன், கோடரியால் அக்கை துண்டிக்கப்பட்டு மாண்டான். அவனுடைய சகோதரரும், அதே களத்தில் நின்று போரிட்டவருமான கவி ஈஸ்கிலஸ், சலாமிஸ் கடற்போரில் கிரேக்கரிடம் பாரசீகக் கப்பற்படை சிதறி எட்டாண்டுகளே சென்றிருந்த கி.மு. 472-இல், 'பாரசீகர்' என்ற நாடகத்தை ஏதென்ஸ் நகரத்தார் முன்னிலையில் அரங்கேற்றினார். ஜயபேரிகை முழங்க வேண்டிய மேடையில் ஒப்பாரி கேட்டது! கதை நிகழ்வதோ பாரசீகரின் ஸூஸா நகரத்து அரண்மனையில். தோற்ற பாரசீக மன்னனான மகன் செர்க்ஸஸின் வரவை எண்ணிக் கலங்கும் தாயும், கல்லறையினின்றும் எழுந்து வரும் தந்தை டேரியஸின் ஆவியும், கிழிந்த வஸ்திரத்தோடு திரும்பும் செர்க்ஸஸும் அதன் முக்கியப் பாத்திரங்கள். வென்ற கிரேக்கருள் ஒருவரது பெயர்கூட நாடகத்தில் உச்சரிக்கப்படவில்லை. என்ன மனம் ஐயா அது! அதே பாரசீகப் படை கொளுத்திய நகரத்தின் ஜனங்கள் அதை அமர்ந்து பார்த்தார்கள்; முதற் பரிசும் அதற்கே கிடைத்தது.