நீலம் வந்தால் பால்கோவா

எழுபதுகளில் ராஜபாளையத்தில் மில் வேலை பார்த்த எங்கள் பெரியப்பாவுக்குச் சர்க்கரை வந்தபோது, வீட்டில் அதைப் பார்க்க ஒரு சொட்டு ரத்தம்கூடத் தேவைப்படவில்லை. பெனடிக்ட் கரைசல் என்ற நீலத் திரவம் 5 மில்லி. அதில் சிறுநீர் 8 சொட்டு. கண்ணாடிக் குழாயை ஸ்பிரிட் விளக்கில் காட்டிக் கொதிக்க வைத்தால் தீர்ப்பு வந்துவிடும். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று மாறிச் செங்கல் நிறத்துக்குப் போனால் அன்று வீட்டில் யாரும் அவரிடம் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். நீலம் நீலமாகவே நின்றால் சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ். ஆண்டாள் தரிசனம், திரும்பும்போது கால் கிலோ பால்கோவா. தரிசனம் சில நாள் தவறியதுண்டு.

அந்த நீலத்தை நம்பியா சாப்பிட்டார் என்று இப்போது பதறுகிறது. ரத்தத்தில் ஏறக்குறைய 180-ஐத் தாண்டினால்தான் சர்க்கரை சிறுநீரில் இறங்கும். 170-லும் நீலம், 50-க்கு விழுந்து ஆள் மயங்கினாலும் நீலம். கர்ப்பிணிகளுக்கு நேர்மாறாக, வியாதி இல்லாமலே நிறம் மாறலாம். மதினியின் முதல் பிரசவத்தின்போது குழாய் பச்சை காட்டி, வளைகாப்புப் பலகாரம் மொத்தமும் அவர் கண்முன்னே எங்கள் வாய்க்குள் போனது. ஆனாலும், எல்லாருக்கும் ஒரே குழாய் என்பதால் வீட்டில் பொறாமை இல்லை.

இப்போது மதினிக்கே சர்க்கரை. பிரசவத்துக்கு வந்திருக்கும் பேத்தி, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்ததில் 140-ஐத் தாண்டிவிட்டாள். சாப்பிட்டு வந்தவர்களுக்கும் செய்யலாம் என்று சென்னை டாக்டர் வி. சேஷையா பரப்பிய சோதனை இது. வெறும் வயிற்றில் அவள் 95-க்குள் இருக்க வேண்டும். 98 வந்ததற்கு டாக்டரிடம் பாட்டு வாங்கினாள். பக்கத்து நாற்காலியில் மதினிக்கு 145. "ரொம்ப நல்லாருக்கு பாட்டி!" தள்ளாத வயதில் சர்க்கரை தாழ்ந்து, விழுந்து இடுப்பெலும்பு முறிவதுதான் பெரிய பயம், அதனால் மூன்று மாதச் சராசரிச் சோதனையில் 8 சதவீதம் வரைக்கும் விட்டுப்பிடிக்கிறார்கள். மதினிக்கு அந்த விளக்கமெல்லாம் காதில் ஏறவில்லை. "அவ 98 வாங்கித் திட்டு வாங்குனா, நான் 145 வாங்கி நல்ல பேரு வாங்குனேன்" என்று தெரு முழுக்கச் சொல்லியாயிற்று.

பத்தாவது படிக்கும் பேரனுக்கு இன்சுலின்தான் வழி. கையில் ஒட்டிய சென்சார் இரண்டு வாரம் உழைக்கும். அவன் ராஜபாளையம் பள்ளி மைதானத்தில் ஓடினால், ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலை பார்க்கும் அவன் அம்மாவின் செல்போனில் அம்புக்குறி சரியும். 70-க்குக் கீழே போனால் அலாரம். உடனே 15 கிராம் சர்க்கரை. வீட்டில் டாக்டர் உத்தரவோடு இனிப்புச் சாப்பிடுகிறவன் அவன் ஒருவன்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அலாரம் அடித்ததும் மதினி பால்கோவாவை நீட்டினார். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம்; மருந்தாகாதா என்ன? ஆகாதாம். அதிலுள்ள கொழுப்பு, சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்துமாம். பேரன் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்தான். எடுத்ததைத் திரும்ப வைப்பானேன் என்று, மதினி அதைத் தன் 145 கணக்கில் சேர்த்துக்கொண்டார்.