நாலு பாஸ்

தமிழில் எழுதினால் நாலும் ஒன்றுதான். பரீட்சையில் தேறினால் பாஸ். ஆபீசில் வேலை வாங்குகிறவர் பாஸ். வீடியோ கேமில் ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் வழிமறித்து நிற்கிற ராட்சசன் பாஸ். ஆட்டத்தை அப்படியே உறைய வைக்கிற பட்டனும் பாஸ். முப்பது வருஷமாக கேம் ஆடுகிறேன். இந்த நாலுக்கும் நடுவில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. மற்ற பாஸ்களால்தான் முதல் பாஸ் கெட்டது என்பது அப்பாவின் கட்சி.

1995 கோடை விடுமுறையில் திருச்சியில் எங்கள் வீட்டுக்கு டிவி கேம் வந்தது. மஞ்சள் கேசட்டின் மேல் '99999 இன் 1' என்று போட்டிருந்தது. நானும் அண்ணனும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டோம். 99999-வது ஆட்டம் என்னவாக இருக்கும் என்று தெரிந்துகொள்ள, அம்புக்குறியை ஒரு மத்தியானம் முழுக்கக் கீழே தள்ளி 347 வரை போனோம். உள்ளே இருந்தது மொத்தம் எட்டே ஆட்டம். அதே மரியோ ஒருமுறை முதல் கட்டத்தில் தொடங்குவான், இன்னொருமுறை நாலாவதில். அதற்கு ஒரு புது நம்பர்.

அந்த மரியோவின் எடை பின்னால்தான் தெரிந்தது. 1985-ல் வந்த சூப்பர் மரியோ மொத்தமே 40 கேபி. இன்று காலை பெரியப்பா அனுப்பிய 'இனிய வெள்ளி' ரோஜாப்பூ அதைவிடக் கனம். இடம் போதாமல், வானத்து மேகத்தையும் தரையில் இருக்கும் புதரையும் ஒரே படமாக வரைந்து நிறத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அக்காவின் பாவாடையைத் தங்கச்சிக்குப் பிடித்துத் தைக்கிற நடுத்தரக் குடும்பத்துச் சிக்கனம். ஐந்து வருஷம் ஆடியும் எனக்கு அது தெரியவில்லை. அண்ணனுக்குத் தெரியுமாம். இப்போது சொல்கிறான்.

எங்கள் பந்தத்தைச் சோதித்தது காண்ட்ரா. அதில் அருவிக் கட்டம் ஒன்று. ஒருவன் மேலே ஏற ஏறத் திரையும் கூடவே ஏறும். கீழே தங்கியவன் எந்தக் குண்டும் படாமல் செத்துப்போவான். மூத்தவன் முன்னேறினால் இளையவன் கதி என்ன என்பதை நான் அங்கேதான் படித்தேன். அதோடு விடவில்லை. தன் லைஃப் தீர்ந்ததும் ஒரு பட்டனைத் தட்டி என்னுடையதில் ஒன்றை எடுத்துக்கொள்வான். கேட்டால், "கடன்தான்டா" என்பான். இன்று வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறான்.

கைக்கு மூன்று லைஃப்தான். மேல்மேல் கீழ்கீழ் இடம்வலம் இடம்வலம் என்று ஒரு மந்திரத்தை அமுக்கினால் முப்பது கிடைக்கும். அதை முதலில் வைத்தவர் கசுஹிஸா ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானியர். 1986-ல் கிரேடியஸ் என்ற ஆட்டத்தை வீட்டுப் பெட்டிக்கு மாற்றும்போது, சோதித்துப் பார்க்கவே முடியாமல் அவரே செத்துச் செத்து விழுந்திருக்கிறார். தன் வசதிக்கு ஒரு குறுக்குவழி வைத்தார். வெளியே விடும்போது எடுக்க மறந்துவிட்டார். ஆட்டத்தைச் செய்தவனுக்கே பிட் தேவைப்பட்டது என்று அப்போதே தெரிந்திருந்தால், அரையாண்டுத் தேர்வில் எனக்கு அவ்வளவு குற்ற உணர்ச்சி வந்திருக்காது.

சேவ் என்பதே கிடையாது. கரண்ட் போனால் போச்சு, முதலிலிருந்து. ஆனால் பாஸ் உண்டு. "கொத்தமல்லி வாங்கிட்டு வாடா" என்று அம்மா குரல் கொடுத்தால், ஸ்டார்ட் பட்டனை ஒரு தட்டு. துப்பாக்கிக் குண்டு அந்தரத்தில் நிற்கும். கடைக்குப் போய், கறிவேப்பிலைக்குச் சண்டை போட்டு, சைக்கிள் செயினை மாட்டிக்கொண்டு வந்தாலும் குண்டு அங்கேயே நிற்கும். அடாப்டர் மட்டும் தோசைக்கல்லாகக் காய்ந்திருக்கும். அம்மாவுக்குத் தெரிந்த ஒரே கேம் சொல் அதுதான்: "பாஸ் போட்டுட்டு வா."

இப்போது ஐந்தாவதாக ஒரு பாஸ் முளைத்திருக்கிறது, காசு கொடுத்து வாங்குவது. பாஸ் வாங்கினால் தினமும் வேலை கொடுப்பார்கள்: இத்தனை பேரைச் சுடு, இத்தனை கிலோமீட்டர் ஓடு. செய்து முடித்தால் ஒரு தொப்பி. சம்பளம் வாங்கிக்கொண்டு ஒரு பாஸிடமும் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு இன்னொரு பாஸிடமும் வேலை பார்க்கிறேன். மாதக் கடைசியில் இரண்டு இடத்திலும் டார்கெட் பாக்கி.

அது போதாதென்று அப்டேட். பிள்ளை தூங்கி, பாத்திரம் கழுவி, பத்தரைக்கு உட்கார்ந்தால் 38 ஜிபி இறங்க வேண்டும் என்கிறது. மரியோ கணக்கில் சுமார் பத்து லட்சம் கேசட். அவ்வளவும் இறங்குவதற்குள் நான் தூங்கிவிடுகிறேன்.

பழசுதான் உசத்தி என்று ஒருநாள் பரணிலிருந்து டிவி கேம் துப்பாக்கியை எடுத்தேன். வாத்து சுடும் ஆட்டம். புது எல்இடி டிவியில் ஒரு வாத்துகூட விழவில்லை. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்குமிடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னும். துப்பாக்கி அந்த வெளிச்சத்தைத்தான் பார்க்கிறது. குண்டு டிவியில் படம் உடனுக்குடன் வரும். புது டிவி கொஞ்சம் யோசித்துவிட்டுக் காட்டும். அதற்குள் துப்பாக்கி, குறி தப்பியதாக முடிவு கட்டிவிடும். இருந்தாலும் நாய் புதரிலிருந்து எழுந்து முன்போலவே சிரித்தது. என் பையனும் சேர்ந்துகொண்டான்.

போன மாதம் எல்டன் ரிங் பிடித்தேன். 2022-ல் வந்தது. அதில் மலேனியா என்று ஒரு பாஸ். அவள் வெட்டு நம்மேல் படும்போதெல்லாம் அவள் உயிர் ஏறும். லைஃப் திருட்டு எனக்குப் புதிதல்ல, அண்ணனிடம் பழகியவன். மூன்று வாரம், எழுபது சாவு. அந்த ராத்திரி அவளுக்கு ஒரு நூலளவு உயிர்தான் மிச்சம். அப்போது அம்மா வந்தாள்.

"கேஸ் தீந்துபோச்சு. சிலிண்டரை மாத்திக் குடு. பால் பாதியில நிக்குது."

"அஞ்சு நிமிஷம்மா."

"பாஸ் போட்டுட்டு வா."

"இதுல பாஸ் இல்லம்மா."

அம்மா நம்பவில்லை. நானே முதலில் நம்பவில்லை. தனியாக ஆடினாலும் இந்த ஆட்டம் நிற்காது. மெனுவுக்குள் போய், அந்த மெனுவுக்கான விளக்கத்தைத் திறந்தால் மட்டும் நிற்கும் என்று ஒரு சூட்சுமம் உண்டு. நிம்மதிக்காக யூசர் மேனுவல் படிக்கச் சொல்கிற ஆட்டம். அதைத் தேடித் துழாவுவதற்குள் மலேனியா ஓங்கிவிட்டாள்.

எழுபத்தொன்று.

அம்மா திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சரி விடு, முதல்லேர்ந்து ஆடு. அப்பவும் அப்படித்தானே ஆடுவே," என்றபடி ஸ்பேனரை நீட்டினாள்.