எடைக்குப் போடுமுன்

பெர்லின்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

மெஸ்ஸை மூடிவிட்டதால் டில்டிங் கிரைண்டர், இட்லிக் கொப்பரை, ஸ்டீல் மேசைகள், ஃப்ரீசர், கல்லாப்பெட்டி என்று எல்லாவற்றையும் காயலான் கடைக்கு எடைக்குப் போடப் போவதாகவும், கடைக்காரர் கிலோவுக்கு நல்ல விலை சொல்லியிருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்தச் சந்தோஷத்தைக் கெடுப்பதற்காகவே இந்தக் கடிதம். வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகள் முதல் வருஷம் பனியைப் பற்றி எழுதும், இரண்டாம் வருஷம் சம்பளத்தைப் பற்றி எழுதாமல் இருக்கும், அதற்குப் பிறகு ஊருக்கு உபதேசம் பண்ண ஆரம்பிக்கும் என்று சித்தி சொல்வார். இது மூன்றாம் ரகம். சித்திக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

இந்த நாட்டில் ஒரு பொருளை வாங்குவது சுலபம், ஒழிப்பதுதான் பெரும்பாடு. காகிதத்துக்கு ஒரு தொட்டி, பிளாஸ்டிக் உறைக்கு ஒரு தொட்டி, காய்கறித் தோலுக்கு ஒன்று, மிச்சத்துக்கு ஒன்று. கண்ணாடி பாட்டிலை வெள்ளை, பச்சை, பழுப்பு என்று நிறம் பார்த்துப் போட வேண்டும். அதுவும் ஞாயிற்றுக்கிழமை கூடாது, சத்தம் வரும். மின்சாரத்தில் ஓடும் எதையும் வீட்டுக் குப்பையில் போடக்கூடாது என்பது 2005-இல் வந்த சட்டம். பிறகு வந்த திருத்தத்தின்படி பெரிய கடைகள் பழைய கருவிகளைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். 2022 ஜூலையிலிருந்து மின்கருவி விற்கும் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளும் அந்த வரிசையில் சேர்ந்தன. சோபாவைத் தெருவோரம் வைத்தால் அபராதம். வாசலுக்கு வந்து எடுத்துப்போகச் சொன்னால் பெர்லின் நகரத் துப்புரவு நிறுவனம் கட்டணம் கேட்கும். நாமே வண்டி பிடித்து அவர்களுடைய சேகரிப்பு மையத்தில் இறக்கினால் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் அங்கே யாரோ போட்டுவிட்டுப் போன நல்ல நாற்காலியைக் கண்டு ஆசைப்பட்டு நீங்கள் தூக்கிக்கொண்டு வந்தால் அது திருட்டு. வேலிக்கு உள்ளே போகும்போது குப்பையாக இருந்தது வெளியே வரும்போது அரசாங்கச் சொத்து ஆகிவிடுகிறது.

ஜெர்மானியர்கள் பழைய சாமானை இணையத்தில் விற்பதற்கு மூல காரணம் இந்த அவஸ்தைதான். சுற்றுச்சூழல் பக்தி அதற்கு அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது. இங்கே எல்லாரும் பயன்படுத்தும் வரிவிளம்பரத் தளம் 2005-இல் கிஜிஜி என்ற பெயரில் வந்தது, 2009-இல் ஈபே கிளைன்அன்சைகன் ஆனது, 2023-இல் ஈபேயை உதறிவிட்டு வெறும் கிளைன்அன்சைகன் ஆனது. பெயர் எத்தனை முறை மாறினாலும் உள்ளே நடக்கும் பேச்சு மாறுவதில்லை. ‘இன்னும் இருக்கிறதா?’, ‘கடைசி விலை என்ன?’ இந்த இரண்டு கேள்வியை வைத்தே ஒரு தேசம் வியாபாரம் செய்கிறது. விற்பவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ‘புகை பிடிக்காத வீடு, செல்லப்பிராணி கிடையாது’ என்று பெண் பார்க்க வருபவர்களிடம் குடும்பப் பெருமை சொல்வதுபோல ஒரு புத்தக அலமாரிக்கு எழுதுகிறார்கள். சும்மா கொடுக்கிற பொருளுக்குக்கூடப் பலர் ஒரு சாக்லேட் கேட்பார்கள். சாக்லேட்டுக்கு இங்கே பஞ்சமில்லை. இலவசம் என்று போட்டால் வருகிறேன் என்று சொன்னவர் வரமாட்டார், ஒரு சாக்லேட் வாங்கியாவது வைத்திருப்பவர் வந்துவிடுவார் என்ற கணக்கு. நம் ஊரில் இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தவர் இந்த மனோதத்துவத்தை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார், திசைதான் வேறு.

அந்தத் திசை வித்தியாசத்தில்தான் நமக்கு நஷ்டம் ஒளிந்திருக்கிறது. இங்கே எறிவதற்குக் காசு போகும், அதனால் எவனும் எறிவதற்கு முன் யோசிக்கிறான். அங்கே எறிந்தால் காசு வரும், அதனால் யோசிக்க அவசியமே இல்லை. கையில் நோட்டு விழுந்தவுடன் லாபம் என்று தோன்றிவிடுகிறது. ஆனால் தராசுக்குத் தெரிவது உலோகம் மட்டும்தான். உங்கள் கிரைண்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். எடைக்குப் போட்டால் ஸ்டீலுக்கு ஒரு விலை, மோட்டாருக்குள் இருக்கும் செம்புக்கு ஒரு விலை. கல்லுக்கு ஒன்றுமில்லை, தட்டில் வைப்பதற்கு முன்பே கடைக்காரர் கழற்றிப் போடச் சொல்வார். மாவை அரைத்தது அந்தக் கல்! தேய்ந்து, கொத்தி, பதத்துக்கு வந்திருக்கும் கல்லுக்கு மதிப்பு போடத் தெரிந்தவர் இன்னொரு மெஸ்காரர்தான். அவரைக் கண்டுபிடிப்பதுதான் மொத்தப் பிரச்சினையும். முன்பு அதற்கு வழி குறைவு, தெரிந்தவர் தெரிந்தவரிடம் சொல்ல வேண்டும். இப்போது நாலு படம் எடுத்துப் போட்டால் ஐம்பது கிலோமீட்டர் சுற்றளவில் கேன்டீன் தொடங்கப்போகும் ஒருவர் கண்ணில் படும். மேசையும் அப்படித்தான், உருக்கினால் வெட்டியவர், வளைத்தவர், வெல்டிங் வைத்தவர் கூலியெல்லாம் ஆவியாகி வெறும் தகடு மிஞ்சுகிறது.

உருக்கினாலும் வீணாவதில்லையே, மறுசுழற்சிதானே என்பீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008-ஆம் ஆண்டுக் கழிவுச் சட்டம் ஒரு படிவரிசை வைத்திருக்கிறது. குப்பை உண்டாகாமல் தடுப்பது முதல் படி, திரும்பப் பயன்படுத்தத் தயார் செய்வது இரண்டாவது, உருக்கிக் கூழாக்கும் மறுசுழற்சி மூன்றாவதுதான். அதற்குக் கீழே எரித்து வெப்பம் எடுப்பது, கடைசியில் புதைப்பது. நாம் மூன்றாம் படியில் ஏறி நின்றுகொண்டு மொட்டைமாடிக்கு வந்துவிட்டதாக நினைக்கிறோம். இங்கே நகர நிர்வாகங்களே இரண்டாம் படிக்குக் கடை போட்டிருக்கின்றன. ஹாம்பர்க் துப்புரவு நிறுவனத்துக்கு ஷ்டில்புருக் என்ற பழம்பொருள் கடை உண்டு, பெர்லின் நிறுவனம் 2020-இல் நோக்மால் என்று ஒரு பல்பொருள் அங்காடியே திறந்தது. மத்திய அரசு தன் பழைய லாரி, ராணுவ வண்டி முதலியவற்றை விற்பதற்கென்றே ஃபிராங்ஃபர்ட்டில் வேபேக் என்ற நிறுவனம் வைத்திருக்கிறது. சுங்கத்துறை நடத்தும் இணைய ஏலத்தில் பறிமுதல் செய்த சரக்கும் வரும், அலுவலக நாற்காலியும் வரும். ராணுவமே விற்கும்போது கல்லாப்பெட்டியை விற்க நமக்கு என்ன வெட்கம்?

வெட்கம் இருக்கிறது, தெரியும். வீட்டுச் சாமானை விற்கிறார்கள் என்றால் நம் தெருவில் உடனே கதை கட்டுவார்கள்: கடன் முற்றிவிட்டதாம், மெஸ் நஷ்டத்தில் மூழ்கிவிட்டதாம், பையன் ஜெர்மனியிலிருந்து காசே அனுப்புவதில்லையாம். காயலான் கடை வண்டி வந்தால் மட்டும் யாரும் எதுவும் சொல்வதில்லை, வீடு சுத்தம் பண்ணுகிறார்கள் என்று விட்டுவிடுவார்கள். பொருள் உடைபடப் போகிறது என்றால் கௌரவம், பயன்படப் போகிறது என்றால் அவமானம்! இந்தக் கூச்சம் எல்லாப் பொருளுக்கும் கிடையாது என்பதையும் பாருங்கள். பழைய நகையைப் போட்டுப் புது நகை எடுப்பதில் யாருக்கும் தலைகுனிவு இல்லை. பழைய பித்தளைப் பாத்திரத்தைக் கொடுத்து எவர்சில்வர் வாங்கிய தலைமுறை நம்முடையது. செகண்ட்ஹேண்ட் பைக் வாங்கினால் கெட்டிக்காரன் என்கிறார்கள். சென்னைப் புதுப்பேட்டையில் பழைய வண்டியைப் பிரித்து, நல்ல பாகத்தைத் தனியே எடுத்துவைத்து விற்கும் தொழில் ஒரு பேட்டை முழுக்க நடக்கிறது. ஆக, பழசை விற்பது நமக்குப் புதிதல்ல. மேசை, மெத்தை, மிக்ஸி என்று வரும்போது மட்டும் அது திடீரென்று தரித்திரத்தின் அடையாளம் ஆகிவிடுகிறது. மெத்தை விஷயத்தில் நான் உங்கள் கட்சி, அதை விற்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம்.

இங்கே இந்தக் கூச்சம் அறவே இல்லை. ஜெர்மனியில் வாடகை வீடுகள் பலவற்றில் சமையலறை என்றால் நான்கு சுவரும் தண்ணீர்க் குழாயின் முனையும்தான், தொட்டி, அடுப்பு, அலமாரி எல்லாம் குடிவருபவர் பொறுப்பு. அதனால் காலி பண்ணுபவர் தன் சமையலறையை அடுத்து வருபவருக்கு விற்றுவிட்டுப் போவார். வீடு கிடைக்காத ஊர்களில் இதை வைத்தே கொள்ளையடிப்பார்கள் என்று சட்டமே குறுக்கே நிற்கிறது. பொருளின் மதிப்புக்குச் சற்றும் பொருந்தாத விலை செல்லாது, மதிப்பைவிட 50 சதவீதத்துக்கு மேல் போனதை நீதிமன்றங்கள் அப்படித்தான் பார்க்கின்றன. வீட்டைக் காலி பண்ணும்போது பாத்திரம் கழுவும் தொட்டியைப் பேரம் பேசுகிற மக்களுக்கு முன் உங்கள் கிரைண்டர் விளம்பரம் ஒரு கௌரவமான காரியம்.

ஏமாற்றுக்காரர்கள் இருக்கிறார்களே என்பது அடுத்த தடை, இது நியாயமானது. இங்கே தளத்தின் பெயரிலேயே போலிச் சுட்டி அனுப்பி வங்கி அட்டை விவரம் கேட்பவர்கள் உண்டு. ராணுவத்தில் இருக்கிறேன், பார்க்காமலே வாங்கிக்கொள்கிறேன் என்று அங்கே போன் பண்ணுகிறவனும் இவர்களுக்கு ஒன்றுவிட்ட தம்பிதான். அவன் ஒரு கியூஆர் கோடு அனுப்பி, ஸ்கேன் பண்ணிப் பின் நம்பர் போட்டால் பணம் வரும் என்பான். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை சித்தப்பா. அதைப் போட்டால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகும். ஆனால் நல்ல சேதி என்னவென்றால், மோசடி பெரும்பாலும் கூரியரில் போகும் சின்னப் பொருளைச் சுற்றித்தான் வாழ்கிறது. உங்கள் கிரைண்டரைக் கூரியரில் யாரும் கேட்க முடியாது. மினி லாரியும் இரண்டு ஆளும் கொண்டு நேரில் வந்து, ஓட்டிப் பார்த்து, ரொக்கம் கொடுத்துத்தான் ஏற்றிப்போக வேண்டும். கனம்தான் காவல்.

நேரம் வீணாகுமே என்ற கேள்விக்கு எனக்கு முழுப் பதில் இல்லை. இந்த நாட்டில் 2025-இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.82 யூரோவாக இருந்தது. ஐந்து யூரோ மேசைவிளக்கைப் படம் எடுத்து, வர்ணித்து, பத்துப் பேருக்குப் பதில் எழுதி, ஞாயிற்றுக்கிழமை காத்திருந்து விற்கிறவர் தன் கூலியைத் தானே அடித்துக்கொள்கிறார். ஆகவே சில்லறையைச் சில்லறையாக விற்கக் கூடாது. டம்ளர், தட்டு, கரண்டி எல்லாவற்றையும் ஒரே கட்டாகப் போடுங்கள், பெரியதைத் தனித்தனியாகப் போடுங்கள். வீட்டுப் பொருளைவிடத் தொழில் பொருளில் இந்தக் கணக்கு எப்போதும் நமக்குச் சாதகம், ஏனென்றால் எடை விலைக்கும் பயன் விலைக்கும் இடைவெளி அங்கேதான் அதிகம். இங்கே மூடும் உணவகங்களின் அடுப்பும் குளிர்பெட்டியும் ‘வியாபாரிகளுக்கு மட்டும்’ என்ற குறிப்போடு வருவதைப் பார்க்கலாம். தனி நபருக்கு விற்றால் பழைய பொருளுக்கும் ஒரு வருஷமாவது பொறுப்பேற்க வேண்டும் என்ற சட்டத்திலிருந்து தப்புகிற தந்திரம் அது. கணினிகளுக்கு ஏஎஃப்பி என்ற சமூக நிறுவனம் இருக்கிறது. கம்பெனிகளின் பழைய மடிக்கணினிகளை வாங்கி, உள்ளே இருக்கும் தகவலை அழித்து, பழுதுபார்த்து விற்கிறது, அங்கே வேலை செய்பவர்களில் கணிசமானோர் மாற்றுத்திறனாளிகள். இப்படி விற்பவர்களை வரித்துறையும் சும்மா விடுவதில்லை. 2023 முதல், ஆண்டுக்கு 30 விற்பனையையோ 2000 யூரோவையோ தொட்டவர்களின் விவரத்தைத் தளங்கள் கொடுத்தாக வேண்டும். சொந்த உபயோகப் பொருளுக்கு வரி கிடையாது என்று எவ்வளவு சொன்னாலும், இருபத்தெட்டாவது பொருளை விற்றவுடன் ஜெர்மானியருக்கு வேர்க்க ஆரம்பித்துவிடும்.

சில பொருள் சாக வேண்டியதுதான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். செல்போன் மாதிரியானவற்றில் சுமையின் பெரும்பங்கு செய்யும்போதே முடிந்துவிடுகிறது, அதனால் எவ்வளவு நாள் ஓடுகிறதோ அவ்வளவு லாபம். குளிர்பெட்டியின் கதை வேறு, அது தினமும் மின்சாரம் தின்கிறது. உங்கள் ஃப்ரீசர் எத்தனை வருஷத்துப் பழசு என்று பாருங்கள். மிகப் பழையதென்றால் அதை இன்னொருவர் தலையில் கட்டுவது புண்ணியமல்ல, அவருக்கு மாதாமாதம் மின்கட்டணத்தைப் பரிசளிப்பது. அதைச் சுத்தியலால் உடைக்கிறவரிடமும் கொடுக்காதீர்கள், உள்ளே வாயு இருக்கிறது, முறையாகப் பிரிப்பவரிடம் போகட்டும். இன்னொரு ஆட்சேபணை இங்குள்ளவர்களே சொல்வது: விற்பது சுலபமானதும் வாங்குவதும் சுலபமாகிவிடுகிறது, பிடிக்காவிட்டால் விற்றுக்கொள்ளலாம் என்று துணிமணியை வாங்கிக் குவிக்கிறார்கள். உண்மைதான், துணி விற்கும் தளங்களைப் பார்த்தால் அலமாரிகள் ஊர்வலம் போவதுபோல இருக்கும். ஆனால் மெஸ்ஸை மூடுகிறவர் யாரும் கிரைண்டரை விற்ற உற்சாகத்தில் இன்னொரு கிரைண்டர் வாங்குவதில்லை.

காயலான் கடைக்காரர் பிழைப்பு என்னாவது என்று நீங்கள் கேட்பீர்கள், பல வருஷப் பழக்கம். அவரும் எல்லாவற்றையும் உருக்க அனுப்புவதில்லை என்பது உங்களுக்கே தெரியும். ஓடக்கூடியதைத் தனியே எடுத்து வைத்து, துடைத்து, வேறு விலைக்கு விற்பார். நான் சொல்வதை அவர் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார், உங்களிடம் எடைக்கு வாங்கி. ஆகவே உடைந்த டேபிள் ஃபேன், துருப்பிடித்த ஷட்டர், பொத்தல் விழுந்த அண்டா எல்லாம் அவருக்கே போகட்டும். கிரைண்டர், கொப்பரை, மேசைகள் மட்டும் ஒரு மாதம் பொறுக்கட்டும். ஓஎல்எக்ஸில் போடலாம், சமையல் கான்ட்ராக்டர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் இன்னும் நல்லது. கிரைண்டரை நாலு பக்கமும் படம் எடுங்கள், மோட்டாரில் ஒட்டியிருக்கும் தகட்டைக் கிட்டத்தில் எடுங்கள், ஓடுகிறபோது ஒரு நிமிஷ வீடியோவும் எடுத்து அனுப்புங்கள். வர்ணனையை இங்கிருந்தே எழுதிவிடுகிறேன். ‘புகை பிடிக்காத மெஸ்’ என்று போடலாமா என்று சமையல் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ‘கடைசி விலை என்ன’ என்று கேட்பவர்களை மட்டும் சித்தியிடம் விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
அன்புள்ள அண்ணன் மகன்