காத்துப் பிரிஞ்சுதா?

முதல் பிரசவத்தில் எனக்கு யாரும் நாள் குறிக்கவில்லை. பதினாறு மணி நேரம் வலியில் கத்தி, இவரைத் திட்டி, இவரைப் பெற்றவர்களையும் மனசுக்குள் திட்டி, கடைசியில் குழந்தையின் துடிப்பு குறைகிறது என்று ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். இரண்டாவதுக்கு, "இதுவும் ஆபரேஷன்தான், தேதி குறிச்சிடலாம்" என்றார் டாக்டரம்மா. தேதி என்ற சொல் காதில் விழுந்ததும் அத்தை கைப்பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்துவிட்டார்.

டாக்டரம்மாவுக்கு ஒழிந்த நாள் புதன். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று அத்தைக்கும் திருப்தி. ஆனால் டாக்டரம்மா சொன்ன நேரம் காலை 8 மணி. புதன்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை எமகண்டம். ஜோசியர் 10.20-லிருந்து 10.40-க்குள் என்று எழுதிக்கொடுத்த சீட்டை அத்தை நீட்ட, டாக்டரம்மா முகம் மாறாமல் அதை வாங்கி ஸ்கேன் ரிப்போர்ட்டோடு சேர்த்துப் பின் அடித்துக்கொண்டார். இவ்வளவு ஏற்பாட்டுக்கும் பிறகு மயக்க டாக்டர் வைகைப் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டார். பையன் பிறந்தது 10.52. ஜோசியருக்குப் போன் போட்டதில், "அது இன்னும் விசேஷம்" என்றாராம்.

"இறால் மாதிரி வளைஞ்சு உட்காருங்கம்மா" என்றார் அந்த மயக்க டாக்டர். நிறைமாதத்தில் பூசணிக்காய் மாதிரி வேண்டுமானால் உட்காரலாம். எப்படியோ முதுகில் ஊசி இறங்கியது. சற்று நேரத்தில் என் கால்கள் பக்கத்து வீட்டுக்காரருடையவை ஆகிவிட்டன. பையனை வெளியே எடுக்கச் சில நிமிஷம்தான், தைக்கத்தான் நேரம். திரைக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா சிஸ்டரிடம் குறைப்பட்டுக்கொண்டிருந்தார். "ஒரு பிளவுஸ் தைக்கக் கொடுத்தா மூணு வாரம் இழுக்கிறான்." என்னை முக்கால் மணி நேரத்தில் தைத்து முடித்த கை அது. குறைப்பட நியாயம் உண்டு. 1882-ல் மாக்ஸ் சேங்கர் என்ற ஜெர்மன் டாக்டர் கர்ப்பப்பையை ஒழுங்காகத் தைத்து மூட வேண்டும் என்று வற்புறுத்தும்வரை, பெரும்பாலும் அதைத் தைக்காமலே விட்டுவிடுவார்களாம். ராத்திரி தூக்கம் வராமல் போனில் இதைப் படித்தபோது அந்தக் காலத்துப் பெண்களை நினைத்து எனக்கு வயிறு ஒருமுறை சுருண்டது. சுருண்டது வலித்தது.

மறுநாள் காலை ரவுண்ட்ஸ். குழந்தை எடை, பால், காய்ச்சல் எதையும் விசாரிப்பதற்கு முன்னால் டாக்டரம்மாவின் முதல் கேள்வி: "காத்துப் பிரிஞ்சுதா?"

வயிற்றைத் திறந்து மூடினால் குடல் கோபித்துக்கொண்டு கொஞ்ச நேரம் வேலைநிறுத்தம் செய்யும். அது சமாதானமாகிவிட்டதற்கு அத்தாட்சி காற்று. இப்போது பல இடங்களில் அதற்காகக் காத்திராமலே சாப்பாடு கொடுத்துவிடுகிறார்களாம். எங்கள் டாக்டரம்மா அந்தக் காலத்துக் கண்டிப்பு. காற்று வந்தால் இட்லி, வராவிட்டால் வெந்நீர்.

அதுவரை நான் கூச்சமுள்ள குடும்பத்துப் பெண். அன்றிலிருந்து என் குடல் ஊர்ப் பொதுச்சொத்து. இரண்டு மணிக்கொரு தரம் சிஸ்டர் வந்து கேட்டார். கூட்டிப் பெருக்க வந்த அக்கா கேட்டார். கோயம்புத்தூரிலிருந்து தம்பி போனில் கேட்டான். "சாப்பிட்டியாம்மா" தவிர என்னிடம் ஆறு வருஷமாக வேறு வார்த்தை பேசாத மாமா, கதவுக்கு வெளியே நின்று மகனிடம், "அந்த... விஷயம்... ஆச்சா?" என்றார். குடும்ப வாட்ஸ்அப்பில் இவர் பிளஸ் டூ ரிசல்ட் மாதிரி "இன்னும் வரவில்லை" என்று போட்டிருந்தார். அதற்குப் பதினோரு பேர் கும்பிடு போட்டிருந்தார்கள்.

சூயிங்கம் மென்றால் சாப்பாடு வருகிறது என்று குடல் ஏமாந்து சீக்கிரம் விழித்துக்கொள்ளும். இது பாட்டி வைத்தியம் இல்லை, ஆராய்ந்து பார்த்தே சொல்லியிருக்கிறார்கள். ஆகவே மாமியார் மாமனார் முன்னிலையில், கிரிக்கெட்காரன் மாதிரி தாடையை ஆட்டிக்கொண்டு ஒரு பகல் முழுக்கக் கிடந்தேன்.

விடியற்காலை மூன்றரை மணிக்கு அது நடந்தது. கீழே பாயில் தூங்கிக்கொண்டிருந்த அம்மா விருட்டென்று எழுந்து, "மகமாயி, கண்ணத் தொறந்துட்டியேடி!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அந்த நேரத்திலேயே அத்தைக்குப் போனும் போனது. பையன் பிறந்தபோதுகூட இத்தனை சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு பத்தியம். பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, தொண்டையைக் கிழிக்கும் லேகியம். தண்ணீர் குடித்தால் வயிறு போட்டுவிடும் என்று அம்மா சொம்பை ஒளித்துவைப்பாள். நிறையக் குடி என்று டாக்டரம்மா சீட்டில் எழுதியிருந்ததால் இவர் அதைத் திருடிக்கொண்டு வருவார். தும்மல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு மூன்று தெய்வங்களைக் கூப்பிட வேண்டும். சிரிப்பு அதைவிடக் கொடுமை. தம்பி ஊரிலிருந்து வந்தபோது வாசலிலேயே, "வாயத் தொறக்காம பார்த்துட்டுப் போ" என்று சொல்லித்தான் உள்ளே விட்டார்கள்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வி. "சுகப்பிரசவமா, ஆபரேஷனா?" ஆபரேஷன் என்றால் ஃபெயிலானவளைப் பார்ப்பது மாதிரி ஓர் உச்சுக்கொட்டல். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்துக்குச் சுமார் 45 ஆபரேஷன். பாதி ஊர் ஃபெயில். மற்றபடி, சுகப்பிரசவம் என்று பெயர் வைத்த ஆள் பிரசவ அறைக்கு வெளியே நின்றிருந்தவர் என்பது என் கட்சி.

இதிலெல்லாம் எனக்கு உண்மையாகவே வலித்தது நாலு வயது மூத்தவள்தான். ஆறு வாரத்துக்குக் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்கக் கூடாது. அவள் பதினாறு கிலோ. முதல் நாள் கையை விரித்துக்கொண்டு ஓடிவந்தவளை நாலு பேர் பாய்ந்து மடக்கினார்கள். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரை எல்லாம் ஒரு பெரிய மனுஷி மாதிரி கவனித்துக்கொண்டிருந்தாள்.

பத்தாம் நாள் பெரியப்பா வந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தெருவில் எதிரே வந்தால் இன்னும் ஆட்கள் சைக்கிளிலிருந்து இறங்குவார்கள். கையில் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு நாற்காலியில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார். வீட்டுக்கு வந்தவரை வாங்க என்று கேட்க வேண்டும் என்று நான் பழக்கியிருக்கிறேன். என் மகள் முக்காலியிலிருந்து எழுந்து அவர் முழங்காலில் கையை வைத்து, அக்கறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்க தாத்தா. காத்துப் பிரிஞ்சுதா?"

நான் தலையணையைத் தேடினேன். அதைத் தம்பி அணைத்துக்கொண்டிருந்தான்.