வாடகை வள்ளமும் ஒன்பதே முக்கால் குதிரைக்குச் சற்று மேலும்: ஒரு முன்னாய்வு

ஒரு நாளைக்கு எஞ்சின் வள்ளம் வாடகைக்கு எடுத்து ஏரியில் மீன் பிடிப்பதைப் பொழுதுபோக்கு என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. இவ்வாய்வு அதை மறுக்கிறது. அது ஓர் ஆட்சிமுறை. ஆய்வுக்களம், ரொறன்ரோவுக்கு வடகிழக்கே உள்ள ரைஸ் ஏரி. ஆய்வுக்குட்பட்டோர், ஸ்காபரோவிலிருந்து விடியமுன் புறப்படும் அத்தான், மச்சான், சித்தப்பா ஆகிய மூவர்.

முதலில் எஞ்சின். கடைக்காரர் தருவது பெரும்பாலும் 9.9 குதிரைவலு. கனடாவில் 10 குதிரைவலுவோ அதற்கு மேலோ உள்ள எஞ்சின் பூட்டிய உல்லாசப் படகுக்கு உரிமம் எடுக்க வேண்டும். ஆகவே பத்தாவது குதிரை தன் வால் நுனியைக் கரையில் விட்டுவிட்டுத்தான் தண்ணீரில் இறங்குகிறது என்பது எமது துணிபு.

படகோட்டுவதற்கும் அட்டை வேண்டும். அது இல்லாதவருக்குக் கடைக்காரர் பாதுகாப்புப் பட்டியல் ஒன்றை விளக்கிக் கையொப்பம் வாங்கினால், அந்த வாடகைக் காலத்துக்கு அதுவே சான்று. கையொப்பம் வைத்தவர் அத்தான். காது கொடுத்துக் கேட்டவர் சித்தப்பா. வள்ளத்தின் சகல பிணக்குகளுக்கும் தோற்றுவாய் இதுவே. சித்தப்பாவுக்கு வயது 65ஐத் தாண்டிவிட்டதால் ஒன்ராறியோவில் மீன்பிடி அனுமதிச்சீட்டும் தேவையில்லை. அடையாள அட்டை போதும். எதற்கும் காசு கட்டாதவரின் ஆலோசனை ஓய்வதில்லை என்பது எல்லா ஆட்சிகளுக்கும் பொது.

பின்னால் இருப்பவர் எஞ்சின் கைப்பிடியை வலப்பக்கம் தள்ளினால் வள்ளம் இடப்பக்கம் திரும்பும். முன்னணியத்தில் இருந்து சித்தப்பா “வலம், வலம்” என்று கத்துகிறார். அது கைக்கா, வள்ளத்துக்கா? அத்தான் கேட்பதற்குள் வள்ளம் நாணலுக்குள் மூக்கை நுழைத்துவிடும். மச்சான் மண்புழு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு நடுநிலை வகிப்பார்.

வள்ளத்தின் பின்னால் பூட்டும் இவ்வகை எஞ்சினை 1909இல் சந்தைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர், நோர்வேயில் பிறந்து விஸ்கொன்சினில் வளர்ந்த ஓலே எவின்ரூட். காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்கிவர ஏரியில் துடுப்புப் போட்டு, அது உருகிப்போன எரிச்சலில் அவருக்கு யோசனை பிறந்ததாகக் கதை. ஐஸ்கிரீமுக்காகப் பிறந்த எஞ்சின் கொத்துரொட்டிப் பார்சல் சுமப்பதில் எமக்கு மறுப்பில்லை.

இனி ஆய்வின் மையம். 1854இல் கோபர்க்கிலிருந்து பீற்றர்பரோவுக்கு ரைஸ் ஏரியைக் கடந்து ரயில் விட்டார்கள். ஏறக்குறைய மூன்று மைல் நீளப் பாலம். குளிர்காலத்துப் பனிக்கட்டி அதை நெட்டித் தள்ளி முறித்தது. 1860இல் வந்த வேல்ஸ் இளவரசரைக்கூட அதன்மேல் ஏற்றப் பயந்து படகில் கொண்டுபோனார்கள். பாலம் போய்விட்டது, அடித்தளம் போகவில்லை. ஹார்வூட் கரையிலிருந்து வடக்கே, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, கல்லும் மண்ணுமாக இன்னும் கிடக்கிறது. ஏரிநடுவில் எஞ்சின் விசிறி ரயில் பாதையில் அடிபடக்கூடிய இடம் உலகில் அதிகம் இராது. அடிபட்டதும் “டக்” என்றொரு சத்தம், பிறகு பூரண அமைதி, பிறகு சித்தப்பா: “அந்தாள் காலமை சொன்னதுதானே!”

மீன் பற்றி எழுத இடமில்லை. உள்ளங்கையகலச் சூரியமீன் அகப்படும், போதும்.

வைப்புப்பணம் முழுதாகத் திரும்ப வேண்டுமென்று நினைப்பவர்களுக்கு ஒரே விண்ணப்பம்: கடைக்காரர் வரைபடத்தில் அந்த இடத்தைக் காட்டும்போது, கைப்பிடி பிடிக்கப்போகிறவரைப் பக்கத்தில் நிறுத்துங்கள். சித்தப்பாவைக் கோப்பி வாங்க அனுப்பிவிடுங்கள்.