எட்டாம் ஹென்றி வீட்டுக் கணக்கு

ஈஸ்ட்ஹாம், லண்டன்.

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சித்திக்கு முழங்கால் வலி தேவலையா?

ஒன்பதாம் வகுப்பில் முதலாம் பானிபட் போர் நடந்த ஆண்டைத் தப்பாகச் சொன்னேன் என்று என்னை பெஞ்சு மேல் ஏற்றினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பாவம் நாற்பத்திரண்டு வயதில் என்னைத் தேடிக்கொண்டு லண்டனுக்கே வந்துவிட்டது. இந்த நாட்டில் நிரந்தரமாக இருக்க, குடியுரிமை கேட்க, 'லைஃப் இன் தி யூகே' என்று ஒரு பரீட்சை எழுத வேண்டும். 24 கேள்விகள், 45 நிமிடம். 18 சரியாக இருந்தால் பாஸ். கட்டணம் 50 பவுண்டு. தோற்றால் மறுபடி 50 பவுண்டு கட்டி எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம். நம் ஊர் டுடோரியல்காரர்கள் காதில் போட்டுவிடாதீர்கள்!

ஒரு மாதம் ரயிலில் போகும்போதும் வரும்போதும் படித்தேன். எட்டாம் ஹென்றி ராஜாவுக்கு ஆறு மனைவிகள். மூன்று பேர் கேத்தரின், இரண்டு பேர் ஆன், ஒருத்தி ஜேன். இரண்டு பேரை விலக்கிவிட்டார், இரண்டு பேருக்குத் தலையே போயிற்று. ஒருத்தி பிரசவத்துக்குப் பின் செத்தாள். கடைசிக்காரி மட்டும் தப்பித்தாள். நான் தூக்கத்தில் "கேத்தரின், ஆன், ஜேன், ஆன்..." என்று முணுமுணுக்க, மறுநாள் காலை எனக்குக் காபி வரவில்லை.

பக்கத்து வீட்டுப் பாட்டி இதே தெருவில் பிறந்தவர், வயது 81. அவரிடம் மாதிரிக் கேள்விகள் பத்து கேட்டேன். நான்குதான் தேறியது. "ஆறு பெண்டாட்டியா? பாவம் அந்த மனுஷன்" என்றார். அவர் இங்கே பிறந்து தொலைத்ததால் பிழைத்தார். ஆனால் எந்தக் கிழமை எந்தக் குப்பைத்தொட்டியை வெளியே வைப்பது, யார் காலை யார் மிதித்தாலும் இரண்டு பேரும் ஏன் 'சாரி' சொல்ல வேண்டும் என்றெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். பரீட்சையில் அதைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை.

பரீட்சையே வேண்டாமா என்று கேட்பீர்கள். குடிவருகிறவனிடம் வீட்டுக்காரர் நாலு விஷயம் கேட்பது நியாயம்தான். பேச்சுவழக்குக்கு ஆங்கிலம் வருமா, ஓட்டு எப்படிப் போடுவது, பெண்ணைக் கட்டாயக் கல்யாணம் செய்துவைத்தால் சட்டம் என்ன செய்யும் என்று தாராளமாகக் கேட்கட்டும். இவையும் கேட்கிறார்கள். ஆனால் வாசற்படியிலேயே நிறுத்தி, வீட்டுக்காரரின் கொள்ளுத்தாத்தாவுக்கு எத்தனை சம்சாரம் என்று கேட்டால்? 2022-இல் இங்குள்ள பிரபுக்கள் சபைக் குழுவே இந்தப் பரீட்சையைத் திருத்தி அமைக்கச் சொல்லிவிட்டது.

பரீட்சைக்கான புத்தகத்தில் ஒரே ஒரு பக்கம் மட்டும் ரசித்துப் படித்தேன். ஷேக் தீன் முகமது என்று ஒருவர். 1759-இல் இந்தியாவில் பிறந்தவர், வங்கப் படையில் இருந்தவர். அயர்லாந்தில் ஜேன் டேலி என்ற பெண்ணை இழுத்துக்கொண்டு ஓடிக் கல்யாணம் செய்தார். 1810-இல் லண்டன் ஜார்ஜ் தெருவில் இந்நாட்டின் முதல் கறிச் சாப்பாட்டுக் கடையைத் திறந்தார். புருஷனும் பெண்டாட்டியுமாக, தலையைப் பிடித்துவிடும் நம் ஊர் வித்தையையும் இங்கே கொண்டுவந்தார்கள். ஹென்றி யார், எத்தனை மனைவி என்று அவரை யாரும் கேட்கவில்லை. பரீட்சை எழுதாமல் வந்தவர், இன்று வருகிறவர்களுக்குப் பரீட்சைக் கேள்வி ஆகிவிட்டார்!

நான் பாஸ். அடுத்து ஆயிரத்து அறுநூறு பவுண்டுக்கு மேல் கட்டி விண்ணப்பம், பிறகு ராஜா சார்லஸ் பெயரில் உறுதிமொழி. அதற்குள் சித்தியிடம் சொல்லி ஒரு கிலோ சீயக்காய்த் தூள் அனுப்பிவையுங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிடச் சொல்லியிருக்கிறேன் உங்கள் மருமகளிடம். இருநூறு வருஷம் கழித்து அந்த 24-இல் ஒரு கேள்வி நம் குடும்பத்துடையதாக இருக்கட்டும்.

தங்கள் அண்ணன் மகன்,
சேகர்

பி.கு.: முதலாம் பானிபட் போர் 1526. பெஞ்சிலிருந்து இறங்கலாமா, சித்தப்பா?